எண்பத்து மூன்றைப் போட்டிருந்தவன்

அணியில் யார் இருப்பார்கள், யார் வீட்டுக்குப் போவார்கள் என்பது மாடியில் இருக்கும் கோச்சுகளுக்கு அடுத்தபடியாக லொரேன் ஹுடாக்குக்குத்தான் தெரியும். அது அவளுக்குத் தரப்பட்ட மரியாதை இல்லை, வேலை அப்படி. நீக்கப்படுகிறவன் மாடிக்குப் போய்க் கோச்சின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடத்துக்குள் அவனுடைய லாக்கர் காலியாகியிருக்க வேண்டும். திரும்பி வருகிறவன் கண்ணில் அவன் பெயர்ப் பட்டை படக்கூடாது. ஆகவே பட்டியல் முதலில் சலவை அறைக்குத்தான் வரும். இருபத்திரண்டு வருடமாக வருகிறது. ஒரு பெயர்கூட அவள் வாயிலிருந்து முன்கூட்டி வெளியே போனதில்லை. ஏன் இவன், ஏன் அவன் இல்லை என்று அவள் கேட்டதும் இல்லை.

யங்ஸ்டவுன் உருக்காலைகள் மூடத் தொடங்கியபோது லொரேனுக்குப் பதினைந்து வயது. அப்பா ஒரு திங்கட்கிழமை காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு போனவர், மத்தியானமே அதைத் திறக்காமல் திரும்பக் கொண்டுவந்தார். பள்ளி முடிந்ததும் லொரேன் ஒரு சலவை நிறுவனத்தில் சேர்ந்தாள். ஆஸ்பத்திரித் துணி, பட்டறைத் துணி, கசாப்புக் கடைத் துணி. எந்தக் கறை எந்த வேலையிலிருந்து வந்தது என்று பார்த்தவுடன் சொல்லும் அளவுக்கு அங்கே இருபது வருடம் ஓடியது. ஊரில் புதிதாக ‘உலைக்காரர்’ என்ற அமெரிக்கக் கால்பந்து அணி, ஹெல்மெட் போட்டுப் பந்தைக் கையால் எறிந்து பிடித்து ஆடுகிற வகை, தொடங்கியபோது சட்டைகளில் எண் தைக்க ஆள் தேடினார்கள். எண் தைக்கப் போனவளிடம், ஹெல்மெட் அளவு பார்க்கும் ஆள் வரவில்லை என்று கையைப் பிசைந்தார்கள். அன்று மாலைக்குள் ஐம்பத்தொரு தலைக்கு ஹெல்மெட் பொருத்தினாள். மறுநாள் வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது அவளுக்கு அறுபது. தலைமுடி குட்டை, குரல் நீளம். ஆட்ட நாளில் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளை டேப் ஒட்டிக்கொள்வாள். யாருக்கு எதை மாற்றிக் கொடுத்தாலும் அதில் எழுதுவாள். ஆட்டம் முடிந்ததும் அந்த டேப்பைப் பிரித்து நோட்டில் ஒட்டிவைப்பாள். இருபத்திரண்டு வருடத்து டேப்பும் பத்தொன்பது நோட்டுகளில் இருக்கிறது. “என் நோட்டுல இல்லாதது நடக்கவே இல்ல” என்று அவள் சொன்னால் மறுத்துப் பேச ஆள் கிடையாது.

அந்த வருடம் மார்ச் கடைசியில் பிரச்சினை ஐந்தாவது பிடிப்பாளர் யார் என்பதுதான். மைதானத்தின் ஓரமாக ஓடிப்போய், எறிகிற பந்தைப் பிடிக்கிறவர்களுக்கு அணியில் ஐந்து இடம். மூன்று பேர் ஆடுகிறவர்கள். நான்காவது ஆளும் போன வாரமே முடிவாகிவிட்டான். மிச்சம் இருந்த ஒரு இடத்துக்கு இரண்டு பேர்.

ஒருவன் கோடி ஸ்மோலக், எண் எண்பத்து மூன்று. உள்ளூர்ப் பையன். பந்து அவன் கைக்கு வந்துவிட்டால் நழுவாது. மற்றவன் டெல்வின் பெட்டிஸ், எண் எண்பத்து ஏழு. தெற்கே வெயில் பூமியான அலபாமாவிலிருந்து பதினான்கு மணி நேரம் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தவன். இரண்டு பந்தைப் பிடித்தால் மூன்றாவதைக் கீழே போடுவான். ஆனால் காற்றாகப் பறப்பான்.

கோடியின் அம்மா ஜூடி, லொரேனுக்குப் பக்கத்து நாற்காலி. தவக்காலம் முழுக்க வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இருபது பெண்கள் கூடி, வெள்ளிக்கிழமை விற்பனைக்கு பியரோகி செய்வார்கள். மாவு வட்டத்தில் உருளைக்கிழங்கு உருண்டையை வைத்து மடித்து ஓரத்தைக் கிள்ளி மூட வேண்டும். லொரேன் மடிப்பாள், ஜூடி கிள்ளுவாள். பதினாறு வருடமாக அப்படித்தான். அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் இருந்தது, ஜூடி வாயைத் திறக்கும்வரை.

“ஏதாவது காதுல விழுந்துதா?”

“மெஷின் சத்தம்தான் விழுந்துது.”

“நான் பட்டியலைக் கேக்கலடீ. அவன் எப்படி ஆடறான்னு கேட்டேன்.”

“உன் மகனை என்கிட்ட கேக்கறியா? டிக்கெட் வாங்கி வந்து பாரு.”

“வந்து பாத்தா அவன் பந்தைப் பிடிக்கிறதுதான் தெரியுது. வெச்சுக்குவாங்களான்னு தெரியலையே.”

லொரேன் அடுத்த வட்டத்தை மடித்து அவள் பக்கம் தள்ளினாள். “ஒழுங்கா கிள்ளு. போன வாரம் உன்னோடது ரெண்டு, கொதிக்கிற தண்ணியில வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுது.”

எதிர் வரிசையில் சிரித்தார்கள். ஜூடியும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு கிள்ளிய ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கிள்ளினாள்.

சனிக்கிழமை கடைசிப் பயிற்சி ஆட்டம். பனியும் மழையும் கலந்து அடித்தது. மைதானம் பாதி சேறு. உலைக்காரர்கள் தோற்றார்கள், அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பயிற்சி ஆட்டத்தில் பார்ப்பது வெற்றியை இல்லை, ஆளை. மாலையில் ஐம்பது சேற்றுச் சட்டைகளைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு லொரேன் வீட்டுக்குப் போனாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. நனைந்த மழைக்கோட்டைத் துணி உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு, வேறு கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிறு காலை ஏழு மணிப் பூசையிலிருந்து நேராக வந்தாள். பதினொன்றரைக்குத் தலைமைக் கோச் ஜீன் மரூக்காவே பட்டியலோடு இறங்கி வந்தார். நீக்கப்படுகிற ஒன்பது பெயர். மாலை நான்கு மணிக்குள் லீக் அலுவலகத்துக்கு இறுதிப் பட்டியல் போக வேண்டும். ஒரு மணியிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள்.

ஏழாவது பெயர் டெல்வின் பெட்டிஸ். கோடியின் பெயர் தாளில் இல்லை.

லொரேனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அவளை லோ என்றே கூப்பிடும் மரூக்கா அதைக் கவனித்திருக்க வேண்டும்.

“உன் சிநேகிதி மகன் தப்பிச்சுட்டான். அவன் பந்து பிடிக்கிறதுக்காக எடுக்கல, லோ. நேத்து ரெண்டாவது பாதியில உதைக்குழுவுல அவன் ஆடினது இருக்கே. நாலு பேரை அமுக்கியிருக்கான். அதுல ஒண்ணு அவங்க கோட்டுக்கு மூணு கஜத்துல. கோச் ஹாபர் நிறுத்தாம புகழ்ந்துக்கிட்டிருக்கான்.”

உதைக்குழுவை வைத்து முடிவு செய்ததில் அவளுக்கு ஆச்சரியமில்லை. ஐந்தாவது பிடிப்பாளனுக்கு ஆட்டத்தில் ஒரு பந்து வந்தால் பெரிது. அவனை வைத்துக்கொள்வதே உதைக்குழுவுக்காகத்தான். பந்தை எதிரி பக்கம் நீளமாக உதைத்தவுடன் ஓரத்திலிருந்து பாய்ந்து போய், அதைப் பிடிக்கிறவன் நாலு எட்டு வைப்பதற்குள் அமுக்க வேண்டும். ஆனால் கோடிக்கு அது வராது என்றுதான் ஊரே நினைத்திருந்தது.

மரூக்கா மாடிக்குப் போனார். லொரேன் தொட்டியிலிருந்து சட்டைகளை எடுத்து எண்வாரியாகப் பிரிக்க ஆரம்பித்தாள். எண்பத்து ஒன்று. எண்பத்து இரண்டு. எண்பத்து மூன்று. இன்னொரு எண்பத்து மூன்று.

கை நின்றது.

முதல் சட்டையில் முழங்கையிலும் இடுப்பிலும் கொஞ்சம் சேறு. இரண்டாவது சட்டையில் நெஞ்சு முழுக்க, கழுத்துவரை சேறு. தரையோடு தரையாக ஆளை அமுக்கினவனுடைய சட்டை அது. எண்பத்து ஏழைத் தேடி எடுத்தாள். கழுத்திலிருந்து அக்குள்வரை கிழிந்து தொங்கியது.

அப்போது அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. இடைவேளை முடிந்து முதல் உதை. டெல்வினின் சட்டையை எவனோ பிடித்து இழுத்துக் கிழித்துவிட்டான். “மிஸ் லோ, சீக்கிரம், மேடம், சீக்கிரம்” என்று குதித்துக்கொண்டு நின்றான். பைக்குள் கையை விட்டபோது மேலே இருந்தது கோடியின் மாற்றுச் சட்டை. கோடிக்கு அன்றைய ஆட்டம் முடிந்திருந்தது. குல்லாய் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பயிற்சி ஆட்டச் சட்டையில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எண்பத்து மூன்றை டெல்வினின் தலைவழி மாட்டிவிட்டாள். ஓரத்து நடுவரிடம் சொன்னாள். கையில் எழுதினாள். அடுத்ததாக மேலே கண்ணாடிக் கூண்டில் இருக்கிற ஹாபருக்குப் போன் செய்து எண் மாறியதைச் சொல்ல வேண்டும். போனை எடுக்கப் போகும்போது, காலணியில் ஆணி உடைந்துவிட்டது என்று உதைக்கிறவன் கத்தினான். அதோடு போன் மறந்துபோனது.

மழைக்கோட்டின் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். சனிக்கிழமை கோட்டின் கைமேல் ஒட்டிய டேப், நோட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்தது. மை கசிந்து நீலமாகப் பரவியிருந்தாலும் படிக்க முடிந்தது. ‘87 கிழிசல். 83 கொடுத்தேன். மூன்றாம் கால்பகுதி ஆரம்பம்.’

உதைக்குழுக் கோச் ஹாபர் முழு ஆட்டத்தையும் உயரத்திலிருந்து பார்த்தவர். முழங்கால் மாற்றிய பிறகு அவர் கீழே நிற்பதில்லை. அவருக்குத் தெரிந்தது எண் மட்டும்தான். ஓர இடத்துக்குக் கோடியோ டெல்வினோ மாறி மாறிப் போகலாம் என்று அவரே எழுதிக் கொடுத்திருந்தார்.

இந்த டேப்பைக் கிழித்துக் குப்பையில் போட்டால் முடிந்தது. சட்டை இரண்டும் இன்னும் பத்து நிமிடத்தில் இயந்திரத்துக்குள் போய்விடும். ஜூடி அடுத்த வியாழக்கிழமை பாடிக்கொண்டே கிள்ளுவாள்.

லொரேன் அப்படி ஒரு எண்ணம் வந்ததை மறைத்துக்கொள்ளவில்லை. பிற்பாடு ஜூடியிடமே சொன்னாள். எண்ணம் வந்தது, அது உட்கார இடம் கேட்பதற்குள் அவள் இரண்டு சட்டையையும் மழைக்கோட்டையும் தோளில் போட்டுக்கொண்டு படியேறிவிட்டாள். சேற்றுத்தண்ணீர் படிக்கட்டு நெடுகச் சொட்டியது.

மாடி அறையில் மரூக்காவும் ஹாபரும் ஒரு பீட்சா அட்டைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நீ மாடி ஏறினா யாரோ செத்துட்டாங்கன்னு அர்த்தம்” என்றார் மரூக்கா.

“இன்னும் சாகல. நீங்கதான் தப்பான ஆளைப் புதைக்கப் பாக்கறீங்க.” சட்டைகளை மேசைமேல் போட்டாள். பீட்சா அட்டையை ஹாபர் அவசரமாக இழுத்துக்கொண்டார். “நேத்து ரெண்டாவது பாதியில எண்பத்து மூணு போட்டது டெல்வின். அவன் சட்டை கிழிஞ்சுது, நான்தான் இதை மாட்டிவிட்டேன். மேல சொல்லணும், சொல்லல. என் தப்பு.”

ஹாபர் பீட்சாவை மென்று முடித்தார். “எண்பத்து மூணை என் கண்ணால பாத்தேன்.”

“நீ பாத்தது சட்டையை.”

“இருபத்திரண்டு வருஷமா தப்பே பண்ணாதவ, இன்னிக்குன்னு பாத்து பண்ணினியா?”

“நேத்து பண்ணினேன். இன்னிக்கு சொல்றேன்.” டேப்பைக் காட்டினாள்.

மரூக்கா டேப்பைப் படித்தார். “மை ஓடிப்போயிருக்கு லோ. இது எண்பத்து மூணா, எண்பத்து எட்டா?”

“சரி, படத்தைப் போடு.”

படம் ஓடியது. பனிமழையில் எல்லாரும் ஒரே சேற்று நிறம். முகக்கம்பிக்குப் பின்னால் யார் என்று தெரியவில்லை. ஓரத்திலிருந்து எண்பத்து மூன்று பாய்ந்து வந்து, பந்தைப் பிடித்தவனை இடுப்போடு சேர்த்துத் தரையில் சாத்தியது. ஹாபர், “பாத்தியா, கோடி” என்றார்.

“நிறுத்து. அவன் கையைப் பாரு.”

சட்டைக்குக் கீழே, விரல்வரை கறுப்பு உறை தெரிந்தது.

“குளிருக்குப் போட்டிருப்பான்” என்றார் ஹாபர்.

லொரேன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஹாபர், நீ எந்த ஊர்ல பொறந்தே?”

“ஏன், உன் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி.”

“பள்ளிக்கூடத்துல ஆடும்போது டிசம்பர் மாசம் கையை மூடிக்கிட்டு ஆடினியா?”

ஹாபர் பீட்சா அட்டையின் ஓரத்தைப் பிய்த்தார்.

“சொல்லு. மூடினியா?”

“மூடினா பேருந்துல வீட்டுக்குப் போறவரைக்கும் கேலி பண்றதை விடமாட்டானுங்க.”

“ஸ்மோலக் வீட்டுப் பையன் இந்தப் பிசாத்து மழைக்குக் கையை மூடிக்கிட்டு ஆடினான்னு சொல்றே. அவங்கம்மா அவனை வாசல்படி ஏத்துவாளா? இது அலபாமாக்காரன் கை. அவனுக்கு நம்ம ஊர்ல ஜூன் மாசமே குளிருது.”

மரூக்கா முதல் பாதிப் படத்தைப் போட்டார். எண்பத்து மூன்று பந்தைப் பிடித்துக்கொண்டு போனது. கை வெறுமையாக, குளிரில் இறைச்சிச் சிவப்பாக இருந்தது. ஹாபர் கழுத்தைச் சொறிந்தபடி, “நான் இந்த ஊர்க்காரன்னு வெளியில சொல்லிக்கக் கூடாது” என்றார்.

மரூக்கா நாற்காலியில் சாய்ந்தார். “அப்ப நேரா கேக்கறேன். அஞ்சாவது ஆளுக்கு ஒரு ஆட்டத்துல எத்தனை பந்து வரும்?”

“ஒண்ணு. பாதி நாள் அதுவும் இல்ல” என்றார் ஹாபர்.

“உதைக்குழுவுல?”

“பதினெட்டு, இருபது தடவை ஓடணும்.”

“டெல்வின் மூணுல ஒண்ணைக் கீழ போடறான்.”

“போடட்டும். வராத பந்தை எவன் கீழ போட்டா என்ன?”

மரூக்கா பேனாவை எடுத்தார். எடுத்தவர் எழுதாமல் லொரேனைப் பார்த்தார். “யார் போறாங்கன்னு தெரியுமில்ல?”

“தெரியும்.”

“நீ பேசாம இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம். எழுது, மணி பன்னிரண்டே முக்கால்.”

அவர் டெல்வின் பெயரை அடித்துவிட்டு கோடி ஸ்மோலக் என்று எழுதினார். லொரேன் ஈரச் சட்டைகளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். முதல் வேலையாக டேப்பை நோட்டில் ஒட்டி, கீழே தன் கையெழுத்தில் எழுதினாள்: ‘மேலே தெரிவிக்கவில்லை. என் பிழை.’ பத்தொன்பது நோட்டிலும் அந்த வரி அதற்கு முன் இல்லை. எழுதி முடித்தபின், தான் எதிர்பார்த்த அளவுக்கு அது உறுத்தவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

கோடியை ஏழாவதாகக் கூப்பிட்டார்கள். அவன் மேலே போனதும் லாக்கரைத் திறந்து காலணி, கையுறை, சோப்புப் பெட்டி, அவன் தங்கை வரைந்து ஒட்டியிருந்த படம், எல்லாவற்றையும் பைக்குள் வைத்தாள். பெயர்ப் பட்டையை உரித்தாள். மற்ற எட்டுப் பேர் பைகளை எப்போதும்போலக் கதவுக்கு வெளியே வைத்தாள். இந்தப் பையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கோடி இறங்கி வந்தான். கண் சிவந்திருந்தது, முகம் சாதாரணமாக இருந்தது.

“மிஸஸ் ஹுடாக், கோச் சட்டை விஷயத்தைச் சொன்னாரு.”

“நான் சொல்லணும்னு நின்னேன். அவர் முந்திட்டாரு.”

“நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நான் இருந்திருப்பேன்.”

“ஆமா.”

சுற்றி வளைக்காத அந்தப் பதிலை அவன் எதிர்பார்க்கவில்லை. பையை வாங்கினான். “நானே சொல்லியிருப்பேன்” என்றான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “சொல்லியிருப்பேனான்னு தெரியல” என்றான்.

“அந்தக் கஷ்டம் உனக்கு வரல. அதுக்காவது எனக்கு நன்றி சொல்லிட்டுப் போ.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொள்வதற்காக வேகமாக வெளியே போனான். கதவு அவன் பின்னால் ஓங்கிச் சாத்திக்கொண்டது.

டெல்வினிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவன் திங்கட்கிழமை வந்து, “மிஸ் லோ, என் சட்டையைத் தைச்சுட்டீங்களா, மேடம்?” என்று கேட்டான். தைத்து வைத்திருந்ததைக் கொடுத்தாள். கூடவே, “பந்தைப் பிடிக்கவும் கொஞ்சம் கத்துக்கோ” என்றாள்.

திங்கள் மத்தியானம் ஆற்றின் போக்கில் தெற்கே வீலிங் ஊரில் இருக்கும் அணியில், தன்னைப் போலவே சட்டை, ஹெல்மெட் பார்க்கும் பொறுப்பாளரைப் போனில் கூப்பிட்டாள். இந்த வேலையில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கூப்பிடுவது பழக்கம்தான். பட்டை, ஆணி, பஞ்சு என்று கேட்டுக்கொள்வார்கள். அவள் எதையும் கேட்கவில்லை. “உங்களுக்குப் பிடிப்பாளர் ஒருத்தன் கால் உடைஞ்சு கிடக்கான்னு கேள்விப்பட்டேன். உங்க கோச் கோடி ஸ்மோலக்னு ஒருத்தனைக் கூப்பிட்டா, ஹெல்மெட் ஏழரை, இடது காதுப்பக்கம் பஞ்சு ஒரு சுத்து கூட. உதைக்குழுவுக்கு ஆக மாட்டான். பந்து கைக்கு வந்தா விடமாட்டான்.” அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு எப்போதும்போல முதல் ஆளாகப் போனாள். தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஊருக்குள் விஷயம் பரவியிருந்தது. வணக்கம் சொன்னவர்களும் சொல்லிவிட்டு உடனே மாவைப் பார்த்தார்கள். ஜூடி கடைசியாக வந்தாள். பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்தாள்.

லொரேன் மடித்தாள். கிள்ளுவதற்கு ஆள் இல்லை என்பதால் தானே கிள்ளினாள். டேப்பைக் குப்பையில் போட நினைத்ததைப் பற்றி, மேசைக்கு எதிரே இருந்தவளுக்குக் கேட்கிற குரலில் சொன்னாள். குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. மற்ற பெண்கள் எல்லாரும் கேட்டார்கள்.

ஜூடி ஒரு தட்டு முழுக்கக் கிள்ளி முடித்தாள். பிறகு தலை நிமிராமல், “வீலிங்லேருந்து கூப்பிட்டாங்க. சனிக்கிழமை போய் ஓடிக் காட்டணுமாம்” என்றாள்.

“அப்படியா?”

“எடுத்த எடுப்புலயே சரியான அளவுல ஹெல்மெட் இருக்குன்னு சொன்னாங்களாம். அவனுக்கு ஒரே ஆச்சரியம்.”

“வீலிங்காரங்க கெட்டிக்காரங்க.”

ஜூடி இப்போது நிமிர்ந்து பார்த்தாள். கோபம் போகவில்லை. அது போக இன்னும் சில வியாழக்கிழமைகள் ஆகும் என்று லொரேன் கணக்குப் போட்டுக்கொண்டாள். எத்தனை வியாழக்கிழமை ஆனாலும் அவள் இங்கேதான் இருக்கப்போகிறாள்.

“என் மகன் பனிமழைக்குக் கையை மூட மாட்டான்னு சொன்னியாமே.”

“சொன்னேன். மூடினா நீ வீட்டுக்குள்ள விடமாட்டேன்னும் சொன்னேன்.”

“அது ஒண்ணையாவது சரியா சொன்ன” என்றாள் ஜூடி. லொரேன் தானே கிள்ளி வைத்திருந்த தட்டை மேசைக்குக் குறுக்கே தன் பக்கம் இழுத்து, ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். “ஆனா இப்படிக் கிள்ளினா ஒண்ணுகூட தண்ணியில நிக்காது.”

அவள் அதன் ஓரத்தை அழுத்தி மறுபடியும் கிள்ள ஆரம்பித்தாள்.